கண்டல் சேறும் ஒரு சிங்களச் சொல்லும்

இச்சம்பவத்துக்கு முன்னர் வெள்ளவத்தையில் எனக்கிருந்த மதிப்பு சாதாரணமானதன்று. நான் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் விரிவுரையாளன். எங்கள் ஒழுங்கையில் எவருக்குச் சிங்களத்தில் அரசாங்கக் கடிதம் வந்தாலும் அதை வாசித்துச் சொல்பவனும் நானே. சிங்களப் பரீட்சையில் நான் பெற்றது திறமைச் சித்தி. (கேட்காதவர்களுக்கும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன் என்பது என் மனைவி யோகத்தின் கூற்று.)

அந்த யுத்த ஆண்டுகளில் என் ஆராய்ச்சி, கடலோரக் கண்டல் காட்டுச் சேற்றில் வாழும் பற்றீரியாக்களின் மரபணுப் பல்வகைமை பற்றியது. கண்டல் வேரோடு ஒட்டிய சேறும் இரண்டு முழம் தள்ளிக் கிடக்கும் சேறும் ஒன்றுபோலவே கறுத்திருக்கும், ஒன்றுபோலவே நாறும். உள்ளே வாழும் குலங்களோ வேறு. அவற்றின் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, யாருக்கு யார் உறவு என்று பார்ப்பது என் வேலை. சேறு சூடேறினால் சில குலங்கள் பெருகி மற்றவற்றை அமுக்கிவிடும். பிறகு அதை ஆராய்ந்து பயனில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்புக் களப்பில் சேறு அள்ளிப் போத்தல்களில் அடைத்து, குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். ஆய்வுகூடம் திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரை சேற்றை வைக்க யோகம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இடம் ஒதுக்கியிருந்தாள். (அங்கிருந்த அறக்குளா மீன் முழுவதையும் காலையிலேயே பொரித்துவிட்டாள். வேறு எவள் செய்வாள்?)

எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு காவலரண் இருந்தது. அங்கு நின்ற இளம் சிப்பாய் பெட்டியைச் சுட்டி, "மொனவத மஹத்தயா மேக்கே?" என்றான். இதற்குள் என்ன இருக்கிறது ஐயா என்று பொருள்.

பற்றீரியா என்றே சொல்லியிருக்கலாம். சிங்களவருக்கும் அந்தச் சொல் விளங்கும். ஆனால் திறமைச் சித்தி பெற்றவன் இரவல் சொல்லுக்கு இறங்குவதா? நல்ல உச்சரிப்போடு, "விஷபீஜ" என்றேன். கிருமிகள் என்பதற்குச் சரியான சிங்களம் அது. அதன் முன்பாதியில் விஷம் உட்கார்ந்திருப்பதை மட்டும், யுத்த காலத்தில் பெட்டியோடு நிற்கும் ஒரு தமிழன் யோசித்திருக்க வேண்டும்.

சிப்பாய் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். நான் கைகளை உயர்த்தினேன். எனக்குப் பின்னால் நின்ற வரிசை வீதியின் மறுகரைக்குப் போய்விட்டது. இவை ஆபத்தற்றவை, பல இனத்தவை, எண்ணி முடியாதவை என்று விளக்கினேன். 'எண்ணி முடியாதவை' என்றதும் அவன் வோக்கி டோக்கியில் ஜீப்பை அழைத்தான்.

அப்போது யோகம் ஓடிவந்தாள். ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் என் செருப்பு.

"இஞ்சருங்கோ! அவனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"உள்ளதைத்தான் சொன்னனான். நீர் வீட்ட போம். ஐஸ் உருகுது."

"உங்களைக் கொண்டுபோகப் போறாங்கள். நீங்கள் ஐஸைப் பற்றிக் கதைக்கிறியள்!"

யோகத்தின் சிங்களம் மீன்காரனிடம் நண்டு வாங்கிப் பழகிய சிங்களம். அதில் சேற்று நண்டுக்கு ஒரு சொல் உண்டு. அவள் எனக்கும் துவக்குக்கும் நடுவில் வந்து நின்று, விரலை நீட்டி, "மட, மல்லி! மட! மட!" என்று கத்தினாள்.

சிங்களத்தில் 'மல்லி' என்றால் தம்பி, 'மட' என்றால் சேறு. தமிழில் என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை.

அவளே குனிந்து பெட்டியின் மூடியைத் திறந்தாள். ஒரு போத்தலின் தக்கையையும் இழுத்தாள். அந்த நாற்றம் அவள் சொன்னதற்குச் சாட்சி சொன்னது. சிப்பாய் மூக்கைப் பொத்தினான். பிறகு சிரித்தான். ஜீப் வேண்டாம் என்றான். இவ்வளவு சேறு எதற்கு என்று என்னிடம் கேட்டான். நான் வாய் திறந்தேன். யோகம் என் காலை மிதித்தாள்.

வீதியில் என் கையைப் பிடிக்கும் வழக்கம் அவளுக்கில்லை. அன்று வீட்டு வாசல்வரை விடவில்லை. போத்தல்களை முதலில் குளிரில் வைத்தாள். அதன் பிறகே குசினி நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். அவள் குடித்தாள்.

சேறு கெடவில்லை. ஆராய்ச்சியும் முடிந்தது. ஆனால் ஒழுங்கையில் கடிதம் கொண்டுவருபவர்கள் குறைந்தார்கள். என் பிள்ளைகளும் மருமக்களும், இப்போது பேரப்பிள்ளைகளும், அன்று அம்மா விரல் நீட்டியது என்னை நோக்கித்தான் என்று விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிக்கிறார்கள். யோகம் மறுப்பதில்லை.

அது தவறு. அவள் காட்டியது பெட்டியை.