முழியர் எடுத்த கல்யாணப் படம்

கொழும்பு வெள்ளவத்தையில் எத்தனையோ பேர் போட்டோ எடுக்கிறார்கள். ஆனால் ஆட்களை விட்டுவிட்டு, ஆட்களின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகவே பிறந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் முழியர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது நினைவிருக்குமோ என்பது சந்தேகம். இந்த மனிதரை நம்பித்தான் என் தங்கையின் கல்யாணத்தை ஒப்படைத்தோம். அந்தக் கல்யாணப் படத்தை நம்பித்தான் அவளுடைய விசா இருந்தது.

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் எங்கள் சின்ன ஒழுங்கையில் அவருடைய ஸ்டூடியோ. பாஸ்போட் படம் எடுக்கப் போனால் ஐந்து நிமிட வேலைக்கு முக்கால் மணித்தியாலம் பேசுவார்.

"பிள்ளை, மனிசற்ற கண் ஒரு இடத்தில நிக்காது. செக்கனுக்கு மூண்டு நாலு தரம் துள்ளும். துள்ளேக்க ஒண்டும் தெரியாது. நம்பாட்டி அந்தக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு, உங்கட இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கோ. கண் அசையிறது தெரியுதோ?"

பார்த்தேன். தெரியவில்லை. நான் விடுவேனா? பத்து நிமிடம் அந்தக் கண்ணாடியோடு மல்லுக்கட்டினேன். பின்னால் காத்திருந்த சிங்கள அம்மா பயந்துபோய், "நங்கி, அசனீபத?" என்று என் உடம்புக்கு என்னவென்று விசாரித்தார்.

தேநீர்க் கடையிலும் இதே கூத்து. பலகாரப் பெட்டிக்கு நேரே உட்கார்ந்துகொள்வார். "இப்ப வாற ஐயா வடை கேப்பார். ஆனா கண் மூண்டு தரம் ரோல்ஸுக்குப் போயிட்டுது. பாருங்கோ" என்று கிசுகிசுப்பார். வந்தவர், "ஒரு வடை தாங்கோ" என்பார். பிறகு தலையைச் சொறிவார். "சரி, ஒரு ரோல்ஸும் வையுங்கோ" என்பார். முழியர் மேசையில் அடித்துச் சிரிப்பார். அதற்குள் அவருடைய தேநீரை வேறு யாரோ குடித்துவிட்டுப் போயிருப்பார்.

ஒருமுறை மேல்மாடிக் கல்யாணத்துக்குப் போக வேண்டியவர், கீழ்மாடிக் கல்யாணத்தில் ஒரு மணித்தியாலம் படம் எடுத்திருக்கிறார். கேட்டால், "அங்க ஒரு மாமி ஆரின்ர நகையைப் பாக்கிறா எண்டு கவனிச்சுக்கொண்டு நிண்டிட்டன்" என்று பதில்.

இப்படிப்பட்டவருக்கு அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். ஒழுங்கைக்குள் இருக்கிற மனிதரை விட்டுவிட்டு வெளியே போகக்கூடாதாம்.

மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்தார், தாலி கட்டினார், திரும்பிப் போனார். தங்கை அவரிடம் போவதென்றால், அது விசாவுக்காகச் செய்த பொய்க் கல்யாணம் இல்லை என்று தூதரகத்துக்குக் காட்ட வேண்டும். அதற்கு முக்கியம் அல்பம்.

அல்பம் வந்தது. பொம்பிளையும் மாப்பிள்ளையும் கமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம் மருந்துக்கும் இல்லை! பெரியப்பா சாப்பாட்டு மண்டபத்தைப் பார்க்கிறார். சித்தி பெரியம்மாவின் காப்பைப் பார்க்கிறார். விசாப் படிவம் நிரப்பித் தருகிற ஐயா நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "தங்கச்சி, இது கலியாண அல்பமோ, கண் ஆஸ்பத்திரி அல்பமோ?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

"அண்ணை, இந்தப் பிள்ளைக்கு விசா கிடைக்காட்டி நான் உங்களச் சும்மா விடமாட்டன்!"

"கமராவைப் பாத்து ஆருக்கும் சிரிக்க ஏலும் பிள்ளை. பொய்க் கலியாணம் கட்டிறவையும் வடிவாச் சிரிப்பினம். கண் துள்ளிப்போற இடத்தை நடிக்கிறது கஷ்டம்."

"எனக்கு விளக்கம் வேண்டாம். படம் வேணும்!"

வேறு படம் இல்லை. அந்த அல்பத்தையே தூக்கிக்கொண்டு தங்கை இன்டர்வியூவுக்குப் போனாள். அம்மா சாமி அறையை விட்டு எழும்பவில்லை. நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

மூன்று மணிக்குத் தங்கை வந்து நடந்ததைச் சொன்னாள். இன்டர்வியூ செய்த பெண் அதிகாரி முகத்தில் சிரிப்பே இல்லாமல் புரட்டினாராம். தாலி கட்டுகிற படத்தில் நிறுத்தினாராம். சபை முழுக்கத் தாலியைப் பார்க்கிறது. ஐயரும் தாலியைப் பார்க்கிறார். கட்டுகிற மாப்பிள்ளை மட்டும் என் தங்கையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இவர் ஏன் இங்கே பார்க்கிறார்?" என்று அதிகாரி கேட்டாராம்.

"ஓமப் புகையில கண்ணுக்குள்ள லென்ஸ் குத்தினது. நான் லென்ஸ் போட்டிருக்கிறன் எண்டு வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும்தான் போனில சொன்னனான்" என்று இவள் விளக்கியிருக்கிறாள்.

அப்போதுதான் அந்த அதிகாரி சிரித்தாராம். இரண்டு கிழமையில் விசா வந்தது.

என் தங்கை ஏழு வயதிலிருந்து தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவள். கல்யாணத்தன்று அது முகத்தில் இல்லை என்பதை வீட்டில் ஒரு சீவன் கவனிக்கவில்லை! கூறைச் சேலையைப் பார்த்தோம், நகையைப் பார்த்தோம். அல்பத்தையும் மூன்று தரம் பார்த்தோமே!

கேக் வாங்கிக்கொண்டு முழியரிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படத்தை நீட்டினார். அதில் நான். தூணுக்குப் பின்னால், கையில் வாழ்த்திப் போடுகிற அறுகரிசித் தட்டோடு அழுதுகொண்டு நிற்கிறேன்.

"அந்த நேரம் பொம்பிளையின்ர முகத்தைப் பாத்தது ரெண்டே ரெண்டு பேர். ஒராள் மாப்பிள்ளை. மற்றாள் நீங்கள். அல்பத்தில போட்டா நீங்கள் வெக்கப்படுவியள் எண்டு எடுத்து வச்சனான்."

பார்த்தேன்தான். கண் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பார்த்தால் கண்ணாடி இல்லாதது எப்படித் தெரியும்?

"அண்ணை, உங்களை ஆராவது படம் எடுத்திருக்கினமோ?" என்று கேட்டேன்.

மனிதர் முழித்தார். "இல்லைப் பிள்ளை."

போனை எடுத்தேன். நேரே பாருங்கோ என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அழுகிறேனோ என்று என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். படம் கொஞ்சம் கலங்கித்தான் வந்திருக்கிறது. அழிக்க எனக்கு மனம் வரவில்லை.