நேர்முகத் தேர்வுக்குப் போன டிரஸ்ஸிங் டேபிள்

எண்ணத் தெரிந்தவனுக்கெல்லாம் கணக்குத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. நான் எண்ணுகிறவன். மாடிப்படி, பஸ்ஸில் நிற்கிறவர்கள், பொங்கலில் கிடக்கிற மிளகு, எதையும் விடுவதில்லை. (வியாதி இல்லையாம். டாக்டரிடம் கேட்டாயிற்று. மூன்று டாக்டர்களிடம்.) கணக்குத் தெரிந்தவள் என் மனைவி கோமதி. பி.எஸ்ஸி. கணிதம், அதற்கு மேல் ஆசிரியப் பயிற்சி, பி.டி. அவளுடைய முதல் நேர்முகத் தேர்வுக்கு நான் செய்த உதவியை ஐம்பது வருஷம் கழித்து இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், ஐந்து குடித்தனங்கள் இருந்த வீட்டில், தரைத்தளத்தில் எங்களுக்கு ஒன்றரை அறை. அந்த ஒன்றில் பாதியை கோமதியின் டிரஸ்ஸிங் டேபிள் அடைத்துக்கொண்டிருந்தது. மேலே ஆளுயரக் கண்ணாடி, கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு இழுப்பறைகள். என் மாமனார் தன் கையாலேயே செய்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கைத்தொழில் ஆசிரியராக இருந்தவர். ஒரு ஆணி கிடையாது. எல்லாம் கொளுவிப் பொருத்தியது. அதிகம் பேசமாட்டார். கல்யாணத்தின்போதும் பிறகும் என்னிடம் அவர் பேசியது மொத்தம் ஆறு வாக்கியங்கள். அதில் இரண்டு, "சாப்பிட்டீங்களா?" ஏழாவதைப் பேசுவதற்குள், எங்களுக்குக் கல்யாணமான நான்காம் மாதமே, இறந்துபோனார்.

கோமதி அழவில்லை. அம்மாவையும் தங்கையையும் பார்த்துக்கொள்ள ஒருத்தர் அழாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்தாளோ என்னவோ. ஊரில் அவர்கள் இருந்தது பள்ளிக்கூடத்தின் வீடு. மார்கழிக்குள் காலி செய்யவேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. கோமதிக்கு வேலை கிடைத்தால் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து இருவரையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம். கார்த்திகையில் தி.நகரில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை, பதினொரு மணி. அசல் சான்றிதழ்களுடன் வரவும்.

சான்றிதழ்கள் மூன்றாவது இழுப்பறையில் இருந்தன. மழை ஆரம்பித்த நாளிலிருந்து நான்கு இழுப்பறைகளும் முரண்டு பிடித்தன, மூன்றாவதுதான் தலைவன். காலை ஒரு பக்கம் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தால் திறக்கும். மூன்று வாரமாக கோமதி ஆசாரியைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுத்துவிட்டேன். மாமனார் செய்ததை மாப்பிள்ளை சரிசெய்தால் அவளுக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கொரு நினைப்பு. (அதோடு ஆசாரி வந்தால் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அது எனக்கு ஆகாது.)

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கபாலி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். நான்கையும் காலி செய்து உருவினேன். எது எங்கே என்று மாறிவிடக் கூடாதல்லவா? ஒவ்வொன்றின் பக்கப்பலகையிலும் சாக்பீஸால் 1, 2, 3, 4 என்று பெரிதாக எழுதினேன். அந்த முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு உப்புத்தாளை எடுத்து, பக்கப்பலகைகளை நன்றாக, வழவழவென்று தேய்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இருநூறு தேய்ப்பு.

எண்களை எங்கே எழுதியிருந்தேன் என்பது நாலாவதையும் தேய்த்து முடித்த பிறகுதான் உறைத்தது.

பார்வைக்கு நான்கும் ஒரே அச்சு. அளவில் ஒரு நூல் இரண்டு நூல் வித்தியாசம். கையால் செய்தது அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தன் வாய் மட்டும்தான் பொருந்தும். இது எனக்குத் தெரியாது. உத்தேசமாக அடுக்கி, சாமான்களைத் திருப்பி வைத்து, உள்ளே தள்ளினேன். மூன்று எப்படியோ போய்விட்டன. சான்றிதழ்கள் இருந்தது மட்டும் பாதியில் நின்றது. அம்மிக் குழவியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து அடித்தேன். ஒன்பதாவது அடியில் உள்ளே போனது.

போனது போனதுதான். இழுத்துப் பார்த்தபோது குமிழ் மட்டும் என் கையோடு வந்தது.

கோயிலிலிருந்து வந்த கோமதி, தரையெல்லாம் மரத்தூளும் நடுவில் குமிழோடு நானுமாக இருந்ததைப் பார்த்தாள். மேலும் கீழும் இருந்தவற்றை இழுத்துப் பார்த்தாள். பயனில்லை; இழுப்பறைகளுக்கு நடுவே பலகை இருந்தது. பின்பக்கத்தை உடைத்துவிடலாமா என்று கேட்டேன். அன்று அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இது அப்பா செஞ்சது. இதை உடைச்சுத்தான் அந்த வேலைக்குப் போவணும்னா, எனக்கு அந்த வேலை வேண்டாம்."

திங்கட்கிழமை விடியும்போதே பக்கத்துத் தெரு ஆசாரியின் வாசலில் நின்றேன். அவர் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அன்று அமாவாசை. அமாவாசையன்று ஆசாரிகள் உளியைத் தொடமாட்டார்கள். எனக்கும் தெரிந்த விஷயந்தான், ஆனால் உலகத்தில் எல்லாவற்றையும் எண்ணிய நான் திதியை எண்ணவில்லை. கெஞ்சியதால், தொடாமல் பார்க்க மட்டும் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"அடிச்சீங்களா?"

"கொஞ்சம்."

"எத்தினி அடி?"

"ஒன்பது."

"அடிச்சா மரம் வீம்பு புடிக்கும் சார். குலுங்கினாத்தான் வரும். நாளைக்கிக் காலைல வர்றேன்."

நாளைக்கு வந்து என்ன செய்ய? போய் விஷயத்தைச் சொல்லிப் பார்ப்போமே, நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றால் கேட்கமாட்டார்களா என்றாள் கோமதி. கேட்கவேமாட்டார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். அழைப்பிலேயே அடிக்கோடு போட்டிருந்தார்கள், இரண்டு கோடு. ஆசாரியின் வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குலுங்கினால் வரும். மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வரை மழையில் பெயர்ந்து கிடந்த சாலையைவிட நன்றாகக் குலுக்கக்கூடியது எது? வராவிட்டாலும் பாதகமில்லை; சான்றிதழ்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். இருக்கும் இடம்தான் கொஞ்சம் பெரிது.

மூன்று சக்கர வண்டிக்காரர் முனுசாமி டிரஸ்ஸிங் டேபிளைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இன்னா சார், ஊடு மாறிக்கினு போறியா? ஒரே ஒரு சாமான் கீது?"

வீடு மாறவில்லை, இண்டர்வியூவுக்குப் போகிறோம் என்றேன்.

"யாருக்கு? இதுக்கா?"

வண்டியை மிதிக்க ஆரம்பித்தார். லஸ் வரை அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. நான் வண்டியில் மேஜையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி பின்பக்கம் பார்த்திருந்தது. பின்னால் சைக்கிள் ரிக்‌ஷாவில் கோமதி. அவளுடைய பட்டுப்புடவையும், நெற்றியும், மடியில் அழைப்புக் கடிதமும் வழியெல்லாம் அவளுக்கே தெரிந்துகொண்டு வந்தன. முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். ஆழ்வார்பேட்டை தாண்டியதும் நிமிர்ந்து, கண்ணாடியைப் பார்த்து உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவள் மட்டும் அல்ல. தேனாம்பேட்டை சிக்னலுக்குள் பதினேழு பேர் அந்தக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார்கள். ஒருவர் மீசையை ஒதுக்கினார். ஒரு மாடு வெகுநேரம் பார்த்தது, அதைச் சேர்க்கவில்லை. குழிகளையும் எண்ணினேன், ஒவ்வொரு குழிக்கும் இழுப்பறையைத் தொட்டுப் பார்த்தபடி. நூற்று நாற்பத்திரண்டு. ஒரு நூல் அசையவில்லை.

பத்து ஐம்பதுக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தோம். இடைவேளை மணி அடித்த நேரம். சுமார் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் சுமார் முந்நூறு பெண்கள். வராந்தாவில் தலைமை ஆசிரியை வந்து நின்றார். கைத்தறிப் புடவை, கையில் மூக்குக்கண்ணாடி. நான் ஓடிப்போய், ஆசாரி, அமாவாசை, உப்புத்தாள், குழவி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நாளைக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கலாமே?"

நான் கோமதி பக்கம் திரும்பவில்லை. திரும்பும் தைரியம் இல்லை.

தூறல் விழுகிறது, நனையவேண்டாம், வராந்தாவில் ஏற்றிவிடுங்கள் என்றார். முனுசாமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்று படிகள். இரண்டாவது படியில் என் செருப்பு வழுக்கியது. என் பக்கத்து மூலை படியில் ணங்கென்று இடித்தது. அந்த ஒரு குலுக்கலுக்காகத்தான் காத்திருந்ததுபோல, இழுப்பறை துள்ளி வெளியே வந்து, வராந்தாவில் கவிழ்ந்தது.

சான்றிதழ்கள் சிதறின. ரவிக்கைகள், ரிப்பன், ஒரு குங்குமச் சிமிழ். கூடவே நீல நிறத்தில் உள்நாட்டுக் கடிதங்கள், ஒரு கட்டு. ஆடி மாதம் அவள் அம்மா வீட்டில் இருந்தபோது நான் எழுதியவை. அவள் அவற்றை வைத்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்; ஒரு ரவிக்கைக்குள் சுற்றியிருந்ததால் முந்தின நாள் காலி செய்தபோதும் கண்ணில் படவில்லை. வரிசை மாறாமல் நூல் போட்டுக் கட்டியிருந்தாள், நூல் அறுந்துபோய்விட்டது. காலடியில் வந்து விழுந்த ஒன்றைத் தலைமை ஆசிரியை எடுத்தார். படிக்கவேண்டும் என்று எடுக்கவில்லை. ஆனால் என் எழுத்து பெரிது.

"கடிதம் எண் 19. இன்று காலை இட்லி 4. மாலை காப்பி 2. நீ இல்லாத நாள் 19. பாக்கி 11." தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இது என்ன, வருகைப் பதிவேடா?"

முந்நூறு பெண்களும் சிரித்தார்கள். பூமி பிளந்திருந்தால் எண்ணாமல் குதித்திருப்பேன்.

கோமதி சிரிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த இழுப்பறையின் முன் மண்டியிட்டிருந்தாள். நான் அத்தனை தேய்த்தும் திருப்பிப் பார்க்காத ஒரே பக்கம், அடிப்பக்கம், மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் பென்சிலால், வாத்தியார் எழுத்தில், எண் எழுதியிருந்தது. எண் மட்டும் இல்லை.

"3. இந்தப் பலகை மட்டும் கொஞ்சம் பச்சை. மழையில் ஊதும். மாப்பிள்ளை, அடிக்க வேண்டாம். மெழுகு தடவவும்."

கோமதி அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது, சிரிப்பு வந்தது. வராந்தாவிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று என்னால் சொல்ல முடியாது. ஏழு மாதமாக அடைத்து நின்றது அது. அவ்வளவு பேர் நடுவில், தலைப்பைக்கூட முகத்துக்குக் கொடுக்காமல் அழுதாள். தலைமை ஆசிரியை கையசைத்துப் பெண்களை வகுப்புக்கு அனுப்பினார். கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு குனிந்து, இழுப்பறையின் மூலைப் பொருத்தலை விரலால் தடவிப் பார்த்தார்.

"யார் செய்தது?"

"எங்க அப்பா."

"முகம் கழுவிக்கொண்டு வாம்மா. பதினொன்றரைக்கு வைத்துக்கொள்வோம்."

கோமதி அந்தப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். மார்கழியில் அவள் அம்மாவும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். நேர்முகத் தேர்வு முடிந்து திரும்பும் வழியில் முனுசாமி தாமாகவே ஒரு கடை வாசலில் நிறுத்தி, "மெழுகுவத்தி வாங்கிக்கோ சார், மாமனார் சொல்லிகிறாரு" என்றார். மற்ற மூன்றையும் வீட்டில் திருப்பிப் பார்த்தோம். 1, 2, 4. வேறு எழுத்து இல்லை. ஆறாக இருந்த வாக்கியங்கள் எனக்குப் பத்தாயின.

அந்தப் பத்தில் கடைசி இரண்டைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் எதற்காவது பதறினால் போதும், மைத்துனி முதல் பேரன்வரை யாராவது ஒருவர், "அடிக்க வேண்டாம், மெழுகு தடவவும்" என்பார்கள். மகள் கல்யாணத்தில் பந்தி இலைகளை மூன்றாம் தடவை எண்ணியபோது, சம்பந்தியே வந்து சொன்னார். (அவரிடம் யார் சொன்னது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.)

போன வாரம் எனக்கு இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. நாற்காலியிலிருந்து எழ வரவில்லை. மழைக்காலம் வேறு. கோபத்தில் முழங்காலைக் கையால் குத்தினேன். ஐந்து குத்து. கோமதி செய்தித்தாளை மடித்து வைத்தாள். எழுந்துபோய் மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, பாதி தேய்ந்த மெழுகுவத்தியை எடுத்துவந்து என் மடியில் வைத்துவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.

இழுப்பறை திறந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை.