மரத்திலிருந்து விழுந்த காஞ்சிபுரம் இட்லி

காஞ்சிபுரத்தில் வளர்ந்தவனுக்கு வேட்டை என்றால் கூட்டம், மேளம், பிரசாதம். பொங்கலுக்கு மறுநாள் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் மலைக்குப் போவார். அவர் பின்னால் ஊரே போகும். நாதஸ்வரமும் வெடியும் அமர்க்களப்படும். இதுவரை ஒரு முயல்கூட அகப்பட்டதில்லை. யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. வேட்டையைப் பற்றி எனக்கு இருந்த அறிவு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், ஓர் ஓக் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

அது எந்த நாள் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தகராறு உண்டு. ஐப்பசி கடைசி நாள் என்பது அக்காவின் கட்சி. கார்த்திகை ஒன்று என்பது மாமாவின் கட்சி. நான் பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், இரண்டுமே சரி. நானும் மாமாவும் மரம் ஏறியது மதியம், அப்போது காஞ்சிபுரத்தில் ஐப்பசி கடைசி ராத்திரி. இருட்டி இறங்கியபோது ஊரில் நாட்காட்டித் தாளைக் கிழித்திருப்பார்கள். (இதை நான் விளக்க ஆரம்பித்தால் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்.)

மாமா என்றால் அக்கா புருஷன், சண்முகம் மாமா. எங்களைப் போலவே பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். வேலைக்காக அமெரிக்கா போனவரை அங்கே கூட வேலை செய்தவர்கள் வில்வேட்டையில் இழுத்துவிட்டார்கள். மரத்தில் இரும்பு இருக்கை கட்டி, பட்டையால் உடம்பையும் மரத்தோடு பிணைத்துக்கொண்டு, மான் கீழே வரும்வரை காத்திருந்து அம்பு விட வேண்டும். வெள்ளைவால் மான் என்று பெயர். மாமா மூன்று இலையுதிர் காலங்கள் காத்திருந்து மூன்று முறையும் வெறுங்கையோடு இறங்கியவர்.

அந்த மரம் எர்ல் என்ற விவசாயியின் தோப்பில் இருந்தது. அவருடைய ஆப்பிள் கன்றுகளை மான்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. இந்த வருஷமும் ஒன்றும் விழவில்லை என்றால் மரத்தைத் தன் தங்கை மகனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் நேராகவே சொல்லிவிட்டார். வில் வேட்டைக்கு அன்றுதான் கடைசி நாள். அலுவலக வேலையாக அமெரிக்கா போயிருந்த நான், சரியாக அந்த வாரம் பார்த்துத்தான் அக்கா வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சேர்ந்தேன்.

மானுக்கு மூக்கு கூர்மை. அதனால் மாமா வைத்திருந்த ஆசாரத்துக்கு முன்னால் எங்கள் ஊர் மடி ஒன்றுமே இல்லை. தலையில் எண்ணெய் கூடாது. விபூதி கூடாது. வாசனையில்லாத சோப்பில்தான் குளிக்க வேண்டும். துணியை வீட்டுக்குள் காயவைக்கக் கூடாது, சமையல் வாசனை ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"அசையாம உக்காரணும் மச்சான். முடியுமா உன்னால?"

"இன்னா மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? தறிக்குழில உக்காந்த வம்சம் நாம. காலைல உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் எழுந்துக்குவோமா?"

மாமாவும் தறி வீட்டுப் பிள்ளைதானே. இந்தப் பதிலில் இருந்த ஓட்டை அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தறியில் உட்காருகிறவன் இடுப்புக்கு மேலே சிலை போல இருக்கலாம். ஆனால் குழிக்குள்ளே அவன் கால் நிற்பதில்லை. மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கும். கல்லூரி முடிக்கும்வரை நானும் நெய்திருக்கிறேன். பரீட்சை, பல் டாக்டர், பெண் பார்க்கப் போன இடம் என்று எங்கே பதற்றம் வந்தாலும் என் கால் தானாக நெய்ய ஆரம்பித்துவிடும்.

கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலத்தை என் கோட்டுக்குள் திணித்தாள். "குளுரு தாங்கமாட்டப்பா. இட்லி வச்சிருக்கேன். அவருகிட்ட சொல்லாத." காஞ்சிபுரம் இட்லி. பெருமாள் கோயிலில் பிரசாதமாகத் தருவார்களே, அதேதான். டம்ளரில் ஊற்றி அவித்தது. மிளகு, சீரகம், சுக்கு, நெய், பெருங்காயம். மாமா தடை செய்த வாசனைகள் அத்தனையும் ஒரே பொட்டலத்தில்.

மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, காலுக்கு ஒரு கம்பித் தட்டு. காட்டில் ஓர் இலை விழுந்தாலும் கேட்டது. வெகுநேரம் வேறு எதுவும் நடக்கவில்லை. (பார்வேட்டையில் இந்நேரத்துக்கு இரண்டு முறை புளியோதரை கிடைத்திருக்கும்.) பசி தாங்காமல் மெதுவாகப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

மாமாவின் மூக்கு விடைத்தது. "இன்னாது அது?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"ஒண்ணும் இல்லாததுல பெருங்காயம் எப்படி வரும்? உங்க அக்கா வேலையா? காத்து நம்ம பக்கமா அடிக்குது, பொழச்ச. மூடி வை."

மூடினேன். கோட்டுக்குள் வைத்திருக்கலாம். புத்திசாலித்தனமாகக் கால் தட்டில் வைத்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அது வந்தது. கிளை பிரிந்த கொம்பு, தடித்த கழுத்து. மூன்று வருஷமாக மாமா கனவில் பார்த்த மான். மாமா மெல்ல எழுந்து வில்லைத் தூக்கினார். அவர் கை நடுங்கவில்லை. என் கால்தான் நெய்ய ஆரம்பித்திருந்தது. இடது, வலது, இடது. நல்ல பட்டுப் புடவைக்கான வேகம். நாலாவது மிதியில் பொட்டலம் தட்டை விட்டுப் போனது.

மான் வெள்ளை வாலைக் கொடி போலத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. பாய்ந்த மான் நின்றது. திரும்பிப் பார்த்தது. மூக்கை நீட்டியபடி ஒவ்வோர் அடியாக வந்து, மரத்தடியில் சிதறிக் கிடந்த இட்லியை முகர்ந்து, தின்ன ஆரம்பித்தது.

மாமா நாணை இழுத்துப் பிடித்தார். பிறகு, ஒரு பாவமும் அறியாத அந்த நாணை அவர் மெல்லத் தளர்த்தினார்.

"உடுங்க மாமா," என்றேன் மூச்சுக்குள்ளே.

"எப்படி உடறது? இரை போட்டு வேட்டையாடக் கூடாது இங்க. கேஸாயிடும்."

"மாமா, அது இட்லி."

"அதுக்கு இன்னா தெரியும்? தின்னுக்கினு இருக்குது பாரு."

"நாம போடலையே, தானாத்தான விழுந்துச்சு."

"அத ஜட்ஜுகிட்ட போய் சொல்லு. நெய் எங்கக்கா ஊத்துனது, கால் மட்டும்தான் என்னுதுன்னு."

மான் அவசரப்படவில்லை. கடைசித் துணுக்கையும் நக்கிவிட்டு, அண்ணாந்து எங்களை ஒரு பார்வை பார்த்து, இருட்டுக்குள் நடந்து போனது. நான் விருந்து பரிமாறி இவ்வளவு திருப்தியாக யாரும் எழுந்து போனதில்லை.

கீழே டார்ச்சோடு எர்ல் வந்தார். மான் வரவே இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மாமா சொல்லவில்லை. வந்தது, நின்றது, தின்றது, போனது என்று அத்தனையும் சொன்னார். எர்ல் குனிந்து நெய் மினுக்கிய வெறும் பொட்டலக் காகிதத்தை எடுத்து முகர்ந்து, இது என்ன என்று கேட்டார். "கோயில் பிரசாதம்" என்று நான்தான் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, மாமாவின் கையைக் குலுக்கி, மரத்தைத் தங்கை மகனுக்கே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா அக்காவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "உன் தம்பி நல்லா நெய்யறான்."

அடுத்த வருஷம் அந்தத் தங்கை மகன் அதே மரத்தில் ஏறி, முதல் வாரத்திலேயே ஒரு கொம்பு மானை வீழ்த்தினான். அதே மான்தான் என்று எர்ல் சத்தியம் செய்தார். கறியில் ஒரு பங்கை மாமா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அடுப்படியைக் கொடுக்க மறுத்ததால் மாமா தோட்டத்தில் வைத்துச் சமைத்தார். அன்றே எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் வந்தது: "மச்சான், மசாலாவே போடல. மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் உள்ளயே இருந்துச்சு."

அன்று முதல் எங்கள் வீட்டு விசேஷங்களில் எனக்கு இட்லி வைக்கிறவர்கள் முதலில் குனிந்து என் காலைப் பார்க்கிறார்கள். என் கல்யாணப் பந்தியிலும் பார்த்தார்கள். (பெண் வீட்டார் எனக்கு ஏதோ கால் வியாதி என்று கலங்கிப்போனார்கள்.)

இந்தத் தை மாதம் மாமா ஊருக்கு வந்திருந்தார். பார்வேட்டைக்குச் சேர்ந்தே போனோம். மேளம் முழங்கப் பெருமாள் மலையேறிக்கொண்டிருந்தார். எங்கள் கையில் தொன்னையில் புளியோதரை. மாமா என் காலைப் பார்த்தார். கூட்ட நெரிசலில் அது தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது.

தொன்னையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றார். "பாத்து மச்சான். பெருமாளாவது இந்த வருஷம் எதையாவது புடிக்கட்டும்."