பாலத்தில் இறங்கித் தள்ளுகிறவர்

சைக்கிள் வைத்திருப்பவர்களில் ஓட்டுகிறவர் என்று ஒரு வகை உண்டு, வழி சொல்கிறவர் என்று இன்னொரு வகை உண்டு. முதல் வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையில் கிளம்புவார், வேர்ப்பார், போய்ச் சேர்ந்து பூட்டுவார். அவ்வளவுதான் அவர் சரித்திரம். இரண்டாவது வகையைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில், தெரு முனையில் நிற்பார். அவர் சைக்கிளின் ரிம்மில் முகம் பார்த்துத் தலை வாரலாம். செயினில் எண்ணெய் மின்னும், டைனமோவுக்குத் துணி உறை, சீட்டுக்கு வெல்வெட் உறை, மணிக்குக்கூட அவர் மனைவி பின்னிக் கொடுத்த ஒரு குல்லாய். மட்கார்டில் பெயருக்கு ஒரு சொட்டுச் சேறு இருக்காது. எங்கும் போகாத சைக்கிளில் சேறு எப்படி வரும்?

"எங்க கிளம்பிட்டே?" என்பார். ஆலுவாவுக்கு என்று சொல்வீர்கள். "எந்த வழியா?" உங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி, அதைச் சொல்வீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையை ஆட்டுவார். துக்க வீட்டில் விசாரிக்க வந்தவரைப் போல உங்களைப் பார்ப்பார். பிறகு ஆரம்பிப்பார். நீங்கள் கிளம்பும்போது அரை மணி நேரம் போயிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருந்த வழியும் மறந்திருக்கும்.

எங்கள் மட்டாஞ்சேரியில் இந்த இனத்தின் தலைமைப் பதவியில் பிச்சுமணி மாமா இருந்தார். பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் நிறுவைக் குமாஸ்தா. நானும் அதே மண்டியில்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடலோர மட்டாஞ்சேரியில் பிறந்தவனுக்கு மேடு என்றால் தோப்பும்படிப் பாலம். அதைவிட உயரமான தரையை நாங்கள் கண்டதில்லை. பிச்சுமணி மாமா அந்தப் பாலத்தையும் மிதித்து ஏறியதில்லை. பாலம் தொடங்கும் இடத்தில் இறங்குவார், வேட்டியை மடித்துக் கட்டுவார், உச்சி வரை தள்ளிக்கொண்டு நடப்பார், இறக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கேட்டால், "செயினுக்கு நல்லதில்லையாக்கும்" என்பார். கிழக்கே அவர் சைக்கிள் போன அதிகபட்ச தூரம் திருப்பூணித்துறை. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

ஆனால் கிழக்கு மலையிலுள்ள பீர்மேடு, குட்டிக்கானம், அதற்கும் மேலே மரமே இல்லாத புல்வெளிக் குன்றுகள், அவற்றின் நடுவே போகும் ரோடு, எத்தனையாவது வளைவில் எந்த மரம் சாய்ந்திருக்கிறது என்பது வரை மனுஷருக்குத் தலைகீழ்ப் பாடம். எப்படி என்று கேட்பீர்கள். குமுளிப் பக்கத்திலிருந்து எங்கள் மண்டிக்கு மிளகு மூட்டை லாரியில் வரும். ஓட்டி வருகிறவர் வீரபாண்டி, கம்பத்துக்காரர். மூட்டை இறங்கும்வரை அவருக்கு வேலையில்லை. பிச்சுமணி மாமா அவருக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து, வந்த வழியைத் துளித்துளியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். எங்கே வளைவு, எங்கே பிரேக் பிடிக்கணும், எங்கே அருவி, யார் கடையில் சாயா நன்றாயிருக்கும். இப்படிப் பதினைந்து வருஷம். வீரபாண்டிக்குக்கூட அந்த ரோடு அவ்வளவு தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் மண்டியில் லக்ஷ்மிநாராயணன் என்று ஒரு பையன். பையன் என்றால் இருபத்தேழு வயது. ஆனால் தினக்கூலிக் குமாஸ்தாவுக்கு வயது ஏறுவதில்லை. சித்தூரில் கமலாக்ஷி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பெண்ணுக்குப் பிடித்திருந்தது, இவனுக்கு ராத்தூக்கம் போயிருந்தது. பெண்ணின் அப்பா மட்டும், "ஸ்திர உத்தியோகம்னு ஒரு கடுதாசி கொண்டு வரட்டும், அந்த நிமிஷம் நிச்சயம் பண்ணிடறேன். சித்திரை வரைக்கும் பாப்பேன்" என்று சொல்லியிருந்தார். அப்போது பங்குனி நடந்துகொண்டிருந்தது.

எண்பத்தொன்றாம் வருஷம் அது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்குக் கடிதம் வந்தது. குட்டிக்கானத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுத ஆள் வேண்டும். ஸ்திரம், குடியிருக்க வீடும் உண்டு. திங்கள் காலை பத்து மணிக்கு நேரில் வரவும். பகல் பன்னிரண்டுக்கு முதலாளி மலையிறங்கிவிடுவார். அந்த வாரம் பூராவும் மோட்டார்த் தொழிலாளர் சமரம், அதாவது வேலைநிறுத்தம். பஸ் இல்லை, லாரி இல்லை, டாக்ஸியும் இல்லை. அவனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதுவரைக்கும் சரி. வழி கேட்கப் போனான்.

"கோட்டயம் வரைக்கும் ரயில்ல போயிட்டு, அங்கேர்ந்து சைக்கிள்ள போகட்டுமா மாமா?"

"சைக்கிளை புக் பண்ணி, பிரேக் வேன்ல ஏத்தி, அவன் அதைக் கோட்டயத்துல இறக்க மறந்து கொல்லத்துல இறக்கி. எதுக்குடா இந்த வம்பு? அந்த நேரத்துல நீ பாம்பாடி தாண்டியிருப்பே."

லாரிச் சரக்குச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் வரிசையாக எழுத ஆரம்பித்தார். ஞாயிறு விடியுமுன் கிளம்பு. சாயங்காலம் முண்டக்கயம், அங்கே ராத்தங்கல். திங்கள் காலை எட்டு மணிக்குப் புறப்படு.

"எட்டு மணியா? அஞ்சு மணிக்கே கிளம்பிடறேனே மாமா. மலைன்னா ஏத்தமா இருக்குமில்லையோ?"

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிச்சுமணி மாமா பேனாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தார்.

"மொத்தமே ரெண்டு ஏத்தம். இறங்கி அஞ்சு நிமிஷம் தள்ளினா தீந்து போச்சு. பாக்கி தூரம் மிதிக்கவே வேண்டாம், காலைத் தூக்கி வெச்சுக்கோ. பிரேக்தான் முக்கியம், கேட்டியோ? புது பிரேக் கட்டை போட்டுக்கோ. முப்பத்தஞ்சாம் மைல் கிட்டக்க இடது பக்கம் அந்தோணி சேட்டன் கடை, சாயா குடி. புல்மேட்டுல காத்து முதுகுலதான் அடிக்கும், அதுவே தள்ளிண்டு போயிடும். ஒன்றரை மணி நேரம். சீக்கிரமே போய் நின்னா, வேலைக்கு அலையறான்னு நினைச்சுப்பா."

சாயாக்கடைக்காரர் பெயர் தெரிந்த மனுஷருக்கு ரோடு தெரியாது என்று யாரால் நினைக்க முடியும்? நாங்கள் நம்பினோம். அந்தப் புல்மேட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. நானும் வருகிறேன் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கோட்டயம் தாண்டியதும் ரோடு ஏறி இறங்க ஆரம்பித்தது, எங்களுக்குத் தொடை என்று ஒன்று இருப்பது தெரியவந்தது, இருட்டும் நேரத்தில் முண்டக்கயம் சேர்ந்தோம். மறுநாள் ஐந்து மணிக்கு லக்ஷ்மிநாராயணன் எழுந்துவிட்டான். சீட்டைப் பார்த்தான். எட்டு மணி என்று எழுதியிருந்தது. குளித்தான், சவரம் செய்துகொண்டான், லாட்ஜ்காரனிடம் தேய்ப்புப் பெட்டி வாங்கி வெள்ளைச் சட்டையைத் தேய்த்தான், உட்கார்ந்து கமலாக்ஷிக்கு ஒரு கார்டுகூட எழுதினான். வேலை கிடைத்த விஷயத்தை. தபாலில் சேர்க்காமல் பையில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் சேர்த்துக்கொள்ளலாம் என்றான். எட்டுக்குக் கிளம்பினோம்.

கொஞ்ச தூரத்தில் ஏற்றம் வந்தது. "ரெண்டுல ஒண்ணு வந்தாச்சு" என்றான் அவன், சந்தோஷமாக. இறங்கித் தள்ளினோம். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. அரை மணியாகியும் கால் தூக்கி வைக்கிற இடம் வரவில்லை. இடது பக்கம் அந்தோணி சேட்டன் கடையைத் தேடினோம். இடது பக்கம் அதலபாதாளம் இருந்தது. கடை வலது பக்கம் இருந்தது. மொத்தம் இரண்டு ஏற்றம் என்று பிச்சுமணி மாமா சொன்னது பிழை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இருந்தது ஒரே ஏற்றம்தான். நீளம் இருபது கிலோமீட்டர்.

அந்தோணி சேட்டன் எங்கள் சைக்கிளைப் பார்த்தார், சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நாங்கள் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "இது மேலேர்ந்து இறங்கி வர்ற வழியாக்கும் மக்களே" என்றார்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மட்டாஞ்சேரிக்கு மிளகு மலையிலிருந்து இறங்கித்தான் வருகிறது. அங்கிருந்து மலைக்கு ஏறிப் போகிற வழியை யாரும் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. ஊர்ப் பெயர்களை மட்டும் பிச்சுமணி மாமா நாங்கள் போகிற வரிசைக்கு மாற்றி எழுதியிருந்தார். ரோட்டை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை.

லக்ஷ்மிநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான். சைக்கிளோடு மலையில் ஓடுகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்கவும் வேண்டாம். தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பத்து மணி ஒரு வளைவில் அடித்தது, பதினொன்று ஒரு அருவியில். "பன்னெண்டு வரைக்கும் இருப்பார், பன்னெண்டு வரைக்கும் இருப்பார்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே தள்ளினான். எனக்கு அழுகை வந்தது, அதை வேர்வையோடு துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரை இருக்கும். குட்டிக்கானத்துக்குக் கீழே ஒரு குறுகலான வளைவில், மேலேயிருந்து ஒரு வெள்ளை அம்பாசிடர் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. நாங்கள் சைக்கிளைக் கல்சுவரோடு ஒதுக்கி வழி விட்டோம். பின்சீட்டிலிருந்த பெரியவர் கை தூக்கினார். லக்ஷ்மிநாராயணனும் மரியாதையாகக் கும்பிட்டான். கார் எஞ்சினை அணைத்துவிட்டு, சத்தமே இல்லாமல், பிச்சுமணி மாமா சொன்ன அதே வேகத்தில் இறங்கிப் போயிற்று.

புல்மேட்டில் காற்று முகத்தில் அடித்தது. மற்றபடி மாமா சொன்னதுபோலவே அழகான இடம். எஸ்டேட் ஆபீஸில் இருந்தவர் நல்ல மனுஷர், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "வழியில காரைப் பாத்திருப்பீங்களே" என்றார். பத்து மணிக்கே பக்கத்து ஊரான ஏலப்பாறையிலிருந்து ஒரு பையன் நடந்து வந்து வேலையை வாங்கிக்கொண்டு போயிருந்தான். அவன் யாரிடமும் வழி கேட்டிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

பிறகு இறங்கினோம். அதைத்தான் சொல்ல வேண்டும். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. காற்று முதுகில் தள்ளியது. புது பிரேக் கட்டை கச்சிதமாகப் பிடித்தது. அருவி சொன்ன இடத்தில் வந்தது. சின்னதாக இரண்டு ஏற்றம் வந்தது, ஐந்து நிமிஷம் தள்ளினோம். அந்தோணி சேட்டன் கடை இடது பக்கம் வந்தது. லக்ஷ்மிநாராயணன் அங்கே பிரேக் பிடித்து நின்றான், காலையில் பாதியில் வைத்த சாயாவுக்குப் பதிலாக ஒரு சாயா சொன்னான், பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்துக் கிழித்தான்.

"மாமா சொன்னது அத்தனையும் சரிதாண்டா" என்றான்.

மண்டிக்குத் திரும்பியதும் பிச்சுமணி மாமா கேட்ட முதல் கேள்வி, "ரோடு எப்படி?" கடைசிக் கேள்வியும் அதுதான். "நீங்க சொன்னபடியேதான் மாமா" என்றான் இவன். அவர் ஊர் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சமரம் முடிந்து லாரி வந்ததும் நான் வீரபாண்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர், "ஏறுறதப் பத்தி அவரு கேக்கவே இல்லீங்களே" என்றார். அதுவும் உண்மைதான். சித்திரையில் கமலாக்ஷிக்குத் திருச்சூரில் ஒரு பேங்க்காரனோடு கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஸ்திரம்.

ஆகையால் இப்படிப்பட்டவரைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை மறைப்பதற்கில்லை. போன மாதம் மண்டிக்குப் புதிதாக வந்த முத்துராமலிங்கம், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பீர்மேடு போக வேண்டும், எப்படிப் போவது என்று பொதுவாகக் கேட்டான். லக்ஷ்மிநாராயணன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"கண்ணை மூடிண்டு போகலாம். முப்பத்தஞ்சாம் மைல் கிட்டக்க இடது பக்கம் அந்தோணி சேட்டன் கடை."

லக்ஷ்மிநாராயணன் அப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். முத்துராமலிங்கம் போய்ப் பத்து நாள் ஆகிறது, இன்னும் திரும்பவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் உங்களிடம் வழி கேட்டான், நினைவிருக்கிறதா? கையில் ஒரு கடிதம் வைத்திருந்தான், இரண்டு தடவை மணி பார்த்தான். உங்களுக்கு அந்த இடம் தெரியாது. ஆனாலும் கையை நீட்டி, நேராகப் போய் இடது பக்கம் திரும்பச் சொன்னீர்கள், நன்றி சொல்லிவிட்டு அவன் ஓடினான். அவன் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தான்?