புதன்கிழமை சுட்ட ரொட்டி

வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருந்தவர் குன்னூரில் ஒருவர்தான். அவர் பெயர் போலந்து.

உண்மைப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. பிறந்தது அவிநாசிப் பக்கம். போலந்து எந்தத் திசை என்று கேட்டால் கோத்தகிரிப் பக்கம் கை காட்டுவார். உலகப்போர்ச் சமயத்தில் போலந்திலிருந்து ஒரு அம்மா வந்து குன்னூரிலேயே தங்கிவிட்டாராம். ஊருக்குள் பெட்ஃபோர்டு என்ற இடத்துக்கு மேலே ஒரு சந்தில் பேக்கரி வைத்தார். ரொட்டி, இறைச்சி அடைத்த சாசேஜ், ஊறுகாய் என்று அவர்கள் ஊர்ப் பண்டமெல்லாம் கிடைக்கும். அவரிடம் சமையல் வேலை பார்த்தவர் இவருடைய தாய்மாமன். அம்மா போனபின் மாமன். மாமனுக்குப் பின் இவர். கடையோடு பெயரும் சேர்ந்து வந்தது.

நான் பிக்கப் ஓட்டுகிறேன். வீடு ஊட்டிக்கு அப்பால் நடுவட்டத்தில். புதன்கிழமைதோறும் அந்தக் கடைக்குக் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ் விறகும் ராகி மாவும் இறக்குவேன். போலந்துக் கறுப்பு ரொட்டிக்கு வேண்டிய மாவு இங்கே கிடைக்காததால் அந்த அம்மா ராகியைப் போட்டுப் பார்த்தாராம். அதுவே நின்றுவிட்டது.

சுவரில் ஒரு பலகை. பன்னிரண்டு பண்டங்களின் பெயர். பதினொன்றுக்கு நேரே 'இல்லை' என்று பெயின்டில் எழுதியிருக்கும். சாக்பீஸில் எழுதினால் அழிக்கத் தோன்றுமாம். வாயில் நுழையாத ஒரு பெயரைக் காட்டி இது என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"கொழுக்கட்டைங்க. உள்ளார உருளைக்கிழங்கு."

"பண்ணி விக்கறதுதானுங்ணா?"

"கொழுக்கட்டை திங்க எதுக்குங்க போலந்துக் கடைக்கு வரோணும்?"

ஆள் சுத்த சைவம். முப்பது வருடம் சாசேஜ் விற்றார். ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. பக்குவம் பார்க்க விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். "இன்னும் ரெண்டு நாள் போகோணும்" என்பார். வாங்க வந்த எஸ்டேட் பெரியவர்கள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சாசேஜ் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி காலியானது. அதில் தன் கம்பளியை மடித்து வைத்திருந்தார். சுற்றுலா வந்த ஒருவர் அதற்கு விலை கேட்டார்.

"நேத்துத்தான் தொவச்சனுங்க. குடுக்க மாட்டேன்."

மிஞ்சியது கறுப்பு ரொட்டி. அதற்கு ஒரு சட்டம். புதன்கிழமை சுடுவார். வியாழக்கிழமைதான் அறுப்பார். சூட்டில் கத்தி பட்டால் உள்ளே களியாகிவிடும். முழுதாகக்கூட அன்றைக்குக் கொடுக்க மாட்டார். வெளியே போனதும் பிய்த்துவிடுவார்கள் என்று சந்தேகம். ஒரு புதன்கிழமை, மழையில் நனைந்தபடி சென்னைக் குடும்பம் ஒன்று வாசம் பிடித்து வந்தது.

"சூடா ரெண்டு குடுங்க."

"நாளைக்கு வாங்க."

"நாளைக்கு நாங்க சென்னையில இருப்போம் சார்."

"அப்ப அடுத்த வருசம் ஒரு நாள் தள்ளி வாங்க."

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. சந்தில் வண்டியை நிறுத்தினால் பின்னால் ஹாரன். மூட்டம் இறங்குமுன் ஏற வேண்டும். ஊட்டி தாண்டிவிட்டால் பைக்காராவில் ரோடே தெரியாது. நான் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பேன். அவர் விறகை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்.

"சீக்கிரம் பாருங்ணா. வண்டி நிக்குது."

"வண்டி நிக்குது. நீங்கதான் நிக்க மாட்டீங்கறீங்க."

போன வருடம் கடை இருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரர் போன் செய்தார். கோயமுத்தூர்க்காரர். அவர் அப்பா இருந்தவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது சாக்லேட் கடைக்கு இடம் கேட்டு ஆள் வந்துவிட்டது. மகனும் நல்ல மனிதர்தான். "வியாழக்கிழமை வர்றனுங்க. உங்க ரொட்டியைத் தின்னு பார்க்கறேன். ஆளுக வருவாங்கன்னு தோணுச்சுன்னா நீங்களே இருந்துக்கங்க" என்றாராம். போலந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு விறகைத் தட்டிப் பார்க்கப் போனார். ஆனால் பலகையைப் பார்த்தேன். துடைத்திருந்தது. கொழுக்கட்டைக்கு நேரே இருந்த 'இல்லை'யைப் பிளேடால் சுரண்டியிருந்தார்.

கட்டடக்காரர் புதன்கிழமையே வந்துவிட்டார். பகல் பன்னிரண்டு மணி. ரொட்டி அப்போதுதான் அடுப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. நான் விறகு இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஒரு கல்யாணமுங்க. அதான் இன்னிக்கே வந்துட்டேன். குடுங்க, பார்க்கலாம்" என்றார்.

"நாளைக்குத்தானுங்க அறுக்கோணும்."

"ஒரே ஒரு துண்டுங்க."

"ஆகாதுங்க. உக்காருங்க. கொழுக்கட்டை பண்ணித் தர்றேன்."

போலந்து உள்ளே போனார். கொழுக்கட்டை வேகக் கால் மணி நேரமாவது ஆகும். கட்டடக்காரர் வாசலுக்குப் போய் வந்தார். நானும் போய் வந்தேன். அவர் மணி பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவர் கார் சாவியைக் கையில் எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியை எடுத்து ஒரு ரொட்டியை அறுத்தேன்.

கத்தி உள்ளே போனது. திரும்பி வரவில்லை. இழுத்தால் பாதி ரொட்டி கூடவே வந்தது. கட்டடக்காரர் மரியாதைக்கு ஒரு துண்டை வாயில் போட்டார். தாடை மூடியது. திறக்கவில்லை. விரலை விட்டு மேல்பல்லிலிருந்து வழித்து எடுத்தார்.

"களியாட்டம் இருக்குதுங்களே."

போலந்து தட்டோடு வந்து நின்றார். கத்தியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"அடுப்பு சரியில்லீங்க. என் தப்புங்க" என்றார்.

கடைக்கு வந்த ஆளிடம் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கட்டடக்காரர் கொழுக்கட்டையைத் தொடவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"நான்தான் அறுத்தேன்னு சொல்லியிருக்கலாமுங்ணா" என்றேன்.

"உங்களைச் சொன்னா அவரு பல்லுல ஒட்டுனது போயிருமா? இதைத் தின்னுங்க, ஆறுது."

தின்றேன்.

மறுநாள் லோடு எடுக்கவில்லை. குன்னூர் போய் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் இறங்கினேன். போன் போட்டுக் கேட்டு, கல்யாண மண்டபத்துப் பந்தியில் கட்டடக்காரரைப் பிடித்தேன். இலைக்கு முன்னால் நின்றபடியே அறுத்துக் கொடுத்தேன். தின்றார். இன்னொரு துண்டு கேட்டார். பக்கத்து இலைக்காரரும் கை நீட்டினார்.

"நேத்து நான்தானுங்க அவசரப்பட்டு அறுத்துட்டேன்" என்றேன்.

"நான்தானுங்க அவசரப்பட்டு வந்தேன்" என்றார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா சாக்லேட் கடைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டனே."

இப்போது அங்கே சாக்லேட் கடை. போலந்து பல்லடத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த வெயிலில் ரொட்டி மறுநாளே பூசணம் பிடித்துவிடுகிறதாம். சுடுவதில்லை. நான் போனால் "மேல மழைங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன், அல்லது இல்லை என்பேன். பேச்சு அவ்வளவுதான்.

மலை இறங்கிப் போகும் கீழ்நாட்டு லோடு எனக்கு எப்போதும் ஆகாது. இப்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பல்லடம் சுற்றுவழிதான். போய்விட்டுத்தான் வருகிறேன்.