2017 தை மாதப் பொற்காலம்

தமிழிசை வரலாற்றை எழுதப்போகும் அறிஞர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். 2017ஆம் ஆண்டு தை மாதத்துக்கென்று, அதாவது எங்கள் ஊர் வழக்கில் சனவரிக்கென்று, தனி அத்தியாயம் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அந்த ஒரே மாதத்தில், யாழ்ப்பாணத்தில் வலிகாமம் என்ற சின்னஞ்சிறு பரப்புக்குள், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட பாடல்கள் பிறந்திருக்கின்றன. பக்திப் பாடல்கள், விளையாட்டுக் கழகப் பாடல்கள், பூப்புநீராட்டுச் சாமத்தியவீட்டு வீடியோப் பாடல்கள், கனடாவிலிருந்து சொல்லி அனுப்பிய பிறந்தநாள் பாடல்கள். உலகில் வேறெந்தப் பிரதேசமும் இதைச் சாதித்ததாகத் தகவல் இல்லை. கணினிகளே சாட்சி.

இந்தப் பொற்காலத்தின் தூண்களில் ஒருவர் உரும்பிராய் கீர்த்திகன். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர், பின்னேரத்தில் இசையமைப்பாளர். பதினொரு வருடமாக மற்றவர்களின் பிறந்தநாளுக்கே மெட்டுப் போட்டுக் களைத்தவருக்கு இந்த வருடம்தான் ஊர்ப் பிள்ளையார் கோயில் தேருக்குப் பாட்டுச் செய்யும் பாக்கியம் கிடைத்தது. எட்டு மாதம் உழைத்தார். அந்த மெட்டை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கும். தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று மனைவி நிவேதனாவிடம் சொல்லி, கலியாணத்தை அந்தக் கணக்கில் சேர்க்காத குற்றத்துக்காக இரண்டு நாள் அவளுடைய பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்.

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது, உரும்பிராய்ச் சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றவரின் காதில் அந்த மெட்டு விழுந்தது. ஓட்டோ ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. 'ஐங்கரனே அருள்புரிவாய் எங்கள் வாசலில்' என்று இருக்கவேண்டிய இடத்தில், 'உரிச்சகோழி உயிர்க்கோழி உங்கள் வாசலில்' என்றிருந்தது.

கோயில் தர்மகர்த்தா கந்தப்புவும் அதைக் கேட்டுவிட்டார்.

"தம்பி, தேர் இழுக்கேக்கை இந்தப் பாட்டைப் போட்டா, சனம் சட்டியோடையெல்லோ ஓடிவரும்?"

"ஐயா, மெட்டு என்ரை. எங்கடை இசைச் சங்கத்திலை இருக்கிற அச்சுவேலிக் கஜீவன் களவெடுத்துக் கோழிக்காரனுக்குக் குடுத்துப் போட்டான்."

"அவன் தன்ரை எண்டு சொல்லுறானாம். கோழி முந்தினதோ பாட்டு முந்தினதோ எண்டு எனக்கென்ன தெரியும்? உங்கடை சங்கத்திலை கதைச்சு, உம்மடைதான் முந்தினது எண்டு எழுத்திலை கொண்டுவாரும். இல்லாட்டி பழைய கசெற்றைத்தான் போடுவன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கோப்பாயில் ஒரு ரியூசன் கொட்டிலில், 'வலிகாமம் கணினியிசைக் கலைஞர் ஒன்றிய'த்தின் அவசரப் பொதுக்கூட்டம் கூடியது. தலைவர் குருநகர் கொலின்ஸ். செயலாளர் பெர்னடெட், பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு மடிக்கணினியோடு வந்திருந்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட கஜீவனும் முன்வரிசையில் இருந்தான். நிகழ்ச்சிநிரலில் ஒரேயொரு விடயம்தான் இருந்தது: களவு.

கொலின்ஸ் தொண்டையைச் செருமினார். "விசாரணையைத் தொடங்க முன்னம் ஒரு சின்னத் தெளிவு. களவுபோன மெட்டு எந்த மென்பொருளிலை செய்தது?"

"மெலோனிக்ஸ்," என்றார் கீர்த்திகன்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்கக்கூடாது. அதன்பின் ஒரு மணி நாற்பது நிமிடத்துக்குக் களவு என்ற பேச்சே எழவில்லை.

"மெலோனிக்சிலை செய்தா சத்தத்திலை ஒரு சூடு இருக்கும்," என்றார் ஒருவர்.

"சூடு மடிக்கணினிக்குத்தான். நான் அதுக்குமேலை தோசை சுடுறனான்."

"ட்ரக்கோமா பாவியுங்கோ அண்ணை. நாப்பது தடம் போட்டாலும் அசையாது."

"ஓம், ஒண்டும் அசையாது. மவுசும் அசையாது. அரைவாசியிலை கோமாவுக்குப் போயிடும்."

"என்ரை தோடி ராகத்தின்ரை அசைவைப் பிழை எண்டு நினைச்சு அது நேராக்கிப் போட்டுது. இப்ப காந்தாரச் சுரம் பொலிசைக் கண்ட மாதிரி விறைச்சுப்போய் நிக்குது!"

"மெலோனிக்ஸ் மட்டும் என்னவாம்? தவிலைத் தேடினா 'ஆபிரிக்க மத்தளம் மூண்டு' எண்டு காட்டுது."

பெர்னடெட் கையை உயர்த்தினார். "நான் திறவோசை பாவிக்கிறன். அதைச் செய்த ஆக்களே சும்மா எடுக்கச் சொல்லிக் குடுக்கினம்."

சபை சங்கடப்பட்டது. கொலின்ஸ் பொறுமையாக விளக்கினார். "ரீச்சர், சும்மா குடுக்கிறதை வாங்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் இறங்கேல்லை."

"அப்ப மெலோனிக்சைக் காசு குடுத்தோ வாங்கினனீங்கள்?"

"அது வேறை கதை. அதுக்கு ஒரு விலை இருக்கு. விலையுள்ள சாமானைச் சும்மா எடுக்கிறதிலைதான் ஒரு மரியாதை இருக்கு."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். கீர்த்திகனும் தட்டினார், கொள்கை கொள்கைதானே. பிறகுதான் தான் வந்த காரியம் ஞாபகம் வந்து எழும்பினார்.

"இந்த ஒப்பீட்டுக்காகத்தானே போன மாதம் என்ரை மெட்டை சோதிச்சுப் பாக்க 'ரெஸ்ற்' எண்டு பேர் போட்டு பென்ட்ரைவிலை எல்லாருக்கும் தந்தனான்! ஆற்றை மென்பொருளிலை நல்லாய்க் கேக்குது எண்டு பாக்கத்தானே! அதைக் கொண்டுபோய்க் கோழிக்கு வித்துப்போட்டான்!"

"அந்தப் பென்ட்ரைவிலை மெட்டைப் போட்டதே நான்தான்," என்றான் கஜீவன் கூசாமல்.

"சரி, சண்டை வேண்டாம்," என்றார் கொலின்ஸ். "கோப்பைத் திறவுங்கோ. ஆற்றை திகதி முந்தியிருக்கோ, மெட்டு அவரின்ரை."

கீர்த்திகன் தன் மடிக்கணினியைத் திறந்தார். 2017 தை 19.

கஜீவன் திறந்தான். 2017 தை 6.

"கஜீவன் பதின்மூண்டு நாள் முந்தி," என்று தலைவர் அறிவித்தார்.

"பொறுங்கோ," என்றார் பெர்னடெட். "2017இலை கஜீவன் என்னட்டைப் படிச்சுக்கொண்டிருந்தவன். சரளிவரிசையே பாடமில்லை. எங்காலை மெட்டு?"

பொற்காலத்தின் இரகசியத்தை இனியும் மறைக்க முடியாது. மெலோனிக்சையும் ட்ரக்கோமாவையும் செய்தவர்கள், வாங்குமுன் முப்பது நாள் பாவித்துப் பாருங்கள் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். வலிகாமத்துக் கலைஞர்கள் அந்தச் சலுகையை மனதார ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தொன்பதாம் நாள் இணையத்தைத் துண்டித்து, கணினியின் திகதியைத் திரும்பவும் 2017 தை முதலாம் திகதிக்குத் தள்ளிவிடுவார்கள். மறுபடி முப்பது நாள். இப்படியே அவர்கள் வருடக்கணக்காக அந்த மாதத்துக்குள்ளேயே தங்கியிருந்து நாதசேவை செய்து வருகிறார்கள்.

நீதி தவறக்கூடாது என்று எல்லோரும் தங்கள் கணினிகளைத் திறந்தார்கள். எல்லாவற்றிலும் மெட்டு இருந்தது. ரீச்சருடைய திறவோசையைத் தவிர மற்றெல்லாவற்றிலும் அது தை மாதத்திலேயே பிறந்திருந்தது. ஆக முந்திய திகதி தை 2. அது தலைவருடைய கணினி.

"எனக்கும் எங்கையோ கேட்ட மாதிரித்தான் கிடந்தது," என்றார் கொலின்ஸ் அடக்கத்துடன்.

மெட்டு யாருடையது என்ற கேள்வியைப் பிறிதொரு தினத்துக்கு ஒத்திவைத்து, 'பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுப்போரை இவ்வொன்றியம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. கஜீவன் இரண்டு கையையும் உயர்த்தினான்.

பேனையோடு இருந்த பெர்னடெட் கேட்டார்: "கூட்டக் குறிப்பிலை என்ன திகதி போட? உலகத்தின்ரை திகதியோ, உங்கடை திகதியோ?"

கொலின்ஸ் அவசரமாக நன்றியுரைக்குப் போனார்.

அந்தத் தீர்மானத்தைத்தான் கீர்த்திகன் பின்னேரம் கந்தப்புவிடம் கொண்டுபோனார். கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"இதிலை உம்மடை மெட்டு எண்டு எங்கை கிடக்கு?"

கீர்த்திகன் திகதிக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் வந்தது. அந்த வித்தையை ஒன்றியத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"உந்தச் சாமானை ஆர் செய்தது?"

"ஆரோ வெளிநாட்டிலை ஐயா. ஒரு எட்டுப் பத்துப் பேர், வருசக்கணக்காய் மினக்கெட்டுச் செய்தவங்களாம்."

"உம்மை மாதிரி எட்டு மாதம் இல்லை, வருசக்கணக்காயோ?" கந்தப்பு கடதாசியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பாவங்கள். அவங்களுக்குக் கூட்டம் வைச்சுக் கண்டிக்கத் தெரியேல்லைப் போலை."

தேரன்று பழைய கசெற்றுத்தான் பாடியது. இரண்டு இடத்தில் நாடா இழுபட்டு ஐங்கரனே அழுவதுபோல் கேட்டது. தேர் மேற்கு வீதியில் திரும்பும்போது, வெளியே றோட்டில் கோழி ஓட்டோ போனது. வடம் பிடித்தவர்கள் கொஞ்சப் பேர் தங்களை அறியாமல் அந்தத் தாளத்துக்கு இழுத்தார்கள், தேரும் நன்றாகத்தான் அசைந்து வந்தது. கூட்டத்துக்குள் நின்ற கீர்த்திகனுக்கு அழுகை வந்தது. அவ்வளவு நல்ல மெட்டு அது. தன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்ல அவரிடம் ஒரு திகதிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து, புதிதாக ஒரு பாட்டுச் செய்வோம் என்று மடிக்கணினியைத் திறந்தார். தை 29 என்று காட்டியது. இணையத்தைத் துண்டித்து, திகதியைத் தை முதலாம் திகதிக்குத் தள்ளினார்.

ஆகவே, அறிஞர் பெருமக்களே, பொற்காலம் இன்னும் முடியவில்லை. அத்தியாயத்தைத் தாராளமாக எழுதுங்கள். பொன் மட்டும் அடுத்தவன் வீட்டுடையது என்று அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள்.