பதினெட்டு விநாடி

"இருபது" என்றான் வென்டெல், விநாடிக் கடிகாரத்தைப் பார்த்து.

"நல்லா பாரு."

"நல்லா பார்த்தா மட்டும் குறைஞ்சிடுமா?"

அவன் மனைவி மார்லிஸ் பனித்தளத்தின் ஓரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை மாலைதான் சோதனை. தளத்தை ஒரு சுற்றுச் சுற்றப் பதினெட்டு விநாடிக்கு மேல் எடுப்பவர்களுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்கப் பெஞ்சுதான் என்று கோச் க்ளெனிஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நாம ஆம்பளைங்க மாதிரி இடிச்சுத் தள்ள முடியாது, விதி விடாது. நமக்கு வேகம்தான் ஆயுதம்!"

மார்லிஸுக்கு நாற்பத்து நான்கு வயது. ஊர்ப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் பதினோரு வருஷமாக ஆடுகிறாள். அவள் வேகத்தை இதுவரை யாரும் அளந்ததில்லை. பெஞ்சில் உட்காருவது பெரிய அவமானமுமில்லை. ஆனால் மகள் ஜோரி இந்த வருஷம்தான் அணியில் சேர்ந்திருக்கிறாள். அடுத்த வருஷம் படிக்க வான்கூவர் போய்விடுவாள். மகளோடு சேர்ந்து ஆட இருப்பது இந்த ஒரு குளிர்காலம்தான்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவே, சின்னப் பெண்கள் பனி நடனம் பழகிவிட்டுப் போன பிறகு, மத்தியானம்தான் அவளுக்குத் தளம் கிடைக்கும்.

"மார்லிஸ், ஒரு விஷயம்மா..." தளத்தைப் பராமரிக்கும் ஓரெஸ்ட், பனியைச் சமன் செய்யும் தன் வண்டியிலிருந்து இறங்கி, வலிக்கும் முழங்காலோடு நொண்டி நொண்டி வந்தார்.

"அப்புறம் சொல்லுங்க ஓரெஸ்ட், பஸ் எடுக்கணும்!" அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

வென்டெல் விவசாயி. எந்தக் கோளாறையும் ஸ்பானரால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். "கூர்மை போதலை. ட்ராக்டர் கலப்பைன்னாலும் பொண்டாட்டி ஸ்கேட்ன்னாலும் கதை ஒண்ணுதான்" என்று அவள் ஸ்கேட் தகடுகளைக் கடையில் கொடுத்து ஆழமாகச் சாணை பிடித்து வந்தான்.

செவ்வாய்க்கிழமை இருபத்தொன்று.

"அப்போ எடைதான் காரணம்" என்றான். அன்று இரவு அவள் தட்டில் வழக்கமான பெரோகி கொழுக்கட்டை இல்லை. அவித்த முட்டைக்கோஸ் இருந்தது. மறுநாள் தோள்கவசம், முழங்கைக் கவசம் எல்லாவற்றையும் கழற்ற வைத்தான். போதாக்குறைக்கு, லேசாக இருக்கிறது என்று ஜோரியின் ஸ்கேட்டை மாட்டிவிட்டான். அது ஒரு அளவு சின்னது.

இருபத்து மூன்று. அதிலும் கடைசி இரண்டு விநாடி உட்கார்ந்தபடியே வழுக்கி வந்தது.

"ஏம்மா, அந்த விஷயம்..." என்று ஓரெஸ்ட் மறுபடி கிளம்பினார்.

"இடுப்பு உடைஞ்சு கிடக்கேன், நாளைக்குப் பேசலாம்!" என்று அவள் அந்த இடுப்போடும் அவரைத் தாண்டி ஓடினாள்.

வியாழன் மாலை மார்லிஸ் தன் ஜெர்சியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள், கோச்சிடம் திருப்பிக் கொடுத்துவிட.

"மொதல்ல ஓடும்மா. அப்புறம் குடு" என்று ஜோரி அதைப் பிடுங்கித் தாயின் தலை வழியாக மாட்டிவிட்டாள்.

விசில் ஒலித்தது. வீங்கிய கால்விரல்களோடு மார்லிஸ் தன் பழைய ஸ்கேட்டில் கிளம்பினாள். முதல் வளைவிலேயே ஏதோ விபரீதம் என்று தெரிந்தது. தடுப்புப் பலகைகள் எதிரே பறந்து வந்தன. கோட்டைத் தாண்டியும் நிற்க முடியாமல், திறந்திருந்த கதவு வழியாகப் போய், தப்பாட்டம் ஆடியவர்களை உட்கார வைக்கும் தண்டனைப் பெட்டிக்குள் விழுந்தாள்.

கோச் கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். "பதினாறா? இது கெட்டுப் போச்சு. திரும்ப ஓடு."

திரும்பவும் பதினாறு. அணியிலேயே அதிவேகம். ஜோரி கத்திய கத்தலில் கூரை அதிர்ந்தது.

"யாரு உனக்குப் பயிற்சி கொடுத்தது?" என்றாள் க்ளெனிஸ்.

வென்டெல் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான். "அதாவது, கூர்மை, எடை, முட்டைக்கோஸ்..."

"மண்ணாங்கட்டி!" ஓரெஸ்ட் ஒரு வழியாக வந்து சேர்ந்திருந்தார். "மத்தியானம் நடனப் பொண்ணுங்க குதிச்சு இறங்கறப்போ கால் பதியணும்னு பனியை இளக்கி வெச்சிருப்பேன். சாயங்காலம் ஹாக்கிக்குத்தான் இறுக்குவேன். அந்தக் கூழ்ல இருபது விநாடியில சுத்தினவளை நான் பார்த்ததே இல்ல."

மார்லிஸ் தண்டனைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இதை மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

"திங்கக்கிழமையிலேர்ந்து அதுக்குத்தானேம்மா பின்னாடியே வரேன்" என்றார் ஓரெஸ்ட். "உன்னைப் பிடிக்க முடிஞ்சாத்தானே!"